ஆசிரியர் வாங்கிய ரம்பம்

பணி ஓய்வு பெற்றவர்களுள் சிலர் கோயில் குளம் என்று புறப்படுவர். சிலர் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றி இறக்கும் பொறுப்பை ஏற்றுக்கொள்வர். சுங்கைப்பட்டாணியில் வாழும் தமிழாசிரியர் ஒருவர், 2019ஆம் ஆண்டில் தம் அறுபதாம் வயதில் ஓய்வு பெற்றவர், தச்சு வேலையைத் தேர்ந்துகொண்டார். முப்பது ஆண்டுகளுக்கு மேல் சுண்ணக்கட்டி பிடித்த கை, உளியையும் இழைப்புளியையும் பிடிக்க ஆசைப்பட்டது. வரிசை வீட்டின் பின்புறத்தில், சமையலறைக்கும் மதிலுக்கும் நடுவே, தகரக் கூரையின் கீழ்ப் பன்னிரண்டடி நீளத்தில் ஓர் இடம் உண்டு. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் போக எஞ்சிய பகுதியே அவருடைய பட்டறை.

முதலில் இரண்டு முக்காலிகள் செய்தார். பிறகு ஒரு சாமி மாடம். முக்காலி ஒன்று சற்றே ஆடியது. அதற்குக் குறை தரையின்மேல் சுமத்தப்பட்டது. இவையெல்லாம் பொழுதுபோக்கு. வினையாக மாறியது ஒரு நூற்பெட்டியால். பல ஆண்டுகளாகச் சேர்த்த நூல்களை இடமின்மையால் அட்டைப் பெட்டிகளில் கட்டி வைத்திருந்தார். ஒரு நாள் அடிப்பெட்டியைத் திறந்தபோது கரையான் முந்திக்கொண்டிருந்தது. அரிக்கப்பட்ட நூல்களுள் சில, இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்கள் சொந்தப் பணத்தில் அச்சிட்ட பழைய சிறுகதைத் தொகுதிகள். அவற்றை எந்தக் கடையிலும் இனி வாங்க இயலாது. அன்று இரவு ஆசிரியர் உறங்கவில்லை. முன்னறைச் சுவரை நிறைக்கும்படி, ஆளுயரத்தில் ஐந்து நூலடுக்குகள் செய்துவிடுவது என்று முடிவு செய்தார்.

மரம் எது என்பதில் அவருக்கு ஐயமே எழவில்லை. ரப்பர் மரம்தான். அதற்கு விலை மட்டும் காரணமன்று. இந்நாட்டுத் தமிழர்க்கு அம்மரத்தோடு உள்ள உறவை எடுத்துரைக்கத் தேவையில்லை. மூன்று தலைமுறைகள் விடியற்காலையில் அதன் பட்டையைச் சீவியே பிள்ளைகளை வளர்த்தன. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் கொடுத்து ஓய்ந்த மரத்தை அந்நாளில் விறகென்றே எண்ணினர். ரப்பர்த் தகடுகளைப் புகையூட்டவும், சூளைகளை எரிக்கவும் அது பயன்பட்டது. பிறையில் இருந்த மலாயவாத்தா எஃகு ஆலை அம்மரத்தின் கரியைக் கொண்டே இரும்பை உருக்கியது. வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சணமும் வண்டும் பற்றிக்கொள்ளும் மென்மையான மரம் அது. போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை 1970களின் பிற்பகுதியிலும் 80களிலும் பரவிய பின்னர்தான், அது மேசையாகவும் நாற்காலியாகவும் மாறிக் கப்பலேறியது. ஜொகூரின் மூவார் நகரம் தளவாடத் தொழிலால் பெயர் பெற்றதற்கு அம்மரமே முதற்காரணம் எனலாம். இன்று கடைகளில் கிடைக்கும் ரப்பர்ப் பலகை, சிறு சிறு துண்டுகளின் முனைகளைக் கைவிரல்கள் கோத்துக்கொள்வதுபோல் பல்லிட்டுச் சேர்த்து ஒட்டியது. ஆங்கிலத்தில் அதனை விரல் இணைப்பு என்றே கூறுகின்றனர்.

இப்பலகையை ஆறடி நீளத்துக்கு, கோடு பிறழாமல், நெடுக அறுக்க வேண்டும். ஐந்து அடுக்குகளுக்கும் கணக்கிட்டால் நாற்பது பலகைகளுக்கு மேல் வந்தது. கைரம்பத்தால் முதற்பலகையை அறுத்து முடிப்பதற்குள் அவருடைய வலத்தோள் வீங்கிவிட்டது. அறுத்த விளிம்போ ஆற்றங்கரைபோல் வளைந்து சென்றது. வட்ட அலகு மேசைக்கு மேலே தலைநீட்டிச் சுழல, பலகையை மேசையின்மீது வைத்துத் தள்ளும் ‘மேசை ரம்பம்’ ஒன்று இருந்தால் அந்த நாற்பது பலகைகளும் இரண்டு காலைப்பொழுதுகளின் வேலை. ஆலைகளில் உள்ளவைபோல் பெரியது வேண்டா. ஒருவர் தூக்கி எடுத்து, வேலை முடிந்ததும் மாடிப்படியின் கீழே ஒதுக்கி வைக்கத்தக்க சிறியதே போதும்.

ஓய்வூதியத்திலிருந்து இதற்கென இரண்டாயிரம் வெள்ளி ஒதுக்கலாம் என்று கணக்குப் போட்டுத் துணைவியாரிடம் தெரிவித்தார். அவர் மறுக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலைநிமிராமலே ஒன்று சொன்னார்.

“மாமாவின் கையை நினைத்துக்கொண்டு வாங்குங்கள்.”

ஆசிரியரின் தந்தையார் கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவியவர். 1950களிலும் 60களிலும் பெருந்தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுக் கைமாறின. அவருடைய தோட்டமும் அவ்வாறே போயிற்று. வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. பிறகு மரம் அறுக்கும் ஆலையொன்றில் சேர்ந்தார். 1966ஆம் ஆண்டில் ஒரு நாள் பிற்பகல், அவருடைய இடக்கையின் சுட்டுவிரலும் நடுவிரலும் அந்த ஆலையின் மரத்தூளில் விழுந்தன. தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் 1969இல்தான் வந்தது. அதற்கு முற்பட்ட காலத்தில், ஏதோ ஒரு தொகையைக் கொடுத்துக் கைந்நாட்டு வாங்கிக்கொண்டு ஆலையார் அவரை வீட்டுக்கு அனுப்பினர். அதன்பின் அவர் யாரிடம் பேசினாலும் இடக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே பேசுவார். அது பணிவு என்று ஊரார் எண்ணினர். வீட்டார்க்கு மட்டுமே காரணம் தெரியும்.

அப்போது ஆசிரியர் முதலாம் வகுப்பு மாணவர். அடுத்த ஆண்டோ அதற்கடுத்த ஆண்டோ, பள்ளியில் ஆப்பைப் பிடுங்கிய குரங்கின் கதையை நடத்தினர். பஞ்சதந்திரக் கதைகளுள் அதனை அறியாத தமிழ்ப் பிள்ளை இல்லை. தச்சர் பாதி பிளந்த மரத்தில் ஆப்பு வைத்துவிட்டு உணவுண்ணச் செல்கிறார், குரங்கு வந்து பிளவின் நடுவே அமர்ந்து ஆப்பை அசைத்துப் பிடுங்குகிறது, பிளவு மூடிக்கொள்கிறது. வகுப்பே சிரித்தது. சிறுவன் வீட்டுக்கு வந்து தந்தையிடம் கதையைச் சொல்லிச் சிரித்தான். தந்தை சிரிக்கவில்லை.

“குரங்குக்குத் தெரியாது தம்பி, பிடுங்கிவிட்டது. எங்கள் ஆலையில் ஆப்பைப் பிடுங்கிப் போட்டவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள்” என்றார்.

அச்சொல்லின் பொருள் சிறுவனுக்கு விளங்கவில்லை. ஆசிரியராகி, அதே கதையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியபோதும் முழுமையாக விளங்கவில்லை. தமக்குத் தொடர்பில்லாத செயலில் தலையிடலாகாது என்ற நீதியைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றுவிட்டார். ரம்பம் வாங்கப் புறப்பட்ட பின்னரே, அறுபது வயதுக்கு மேல், அது விளங்கியது.

முதலில் நகரத்துப் பெரிய இரும்புக் கடை ஒன்றுக்குச் சென்றார். கடைக்காரச் சீனர், மலாயில் ஆசிரியரை அழைக்கும் ‘சேகு’ என்ற சொல்லால் அவரை வரவேற்று, வண்ணப் பெட்டி ஒன்றைக் காட்டினார். பெட்டியின்மீது 2,000 வாட் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. பத்து அங்குல அலகு. விலை ஆயிரத்துக்கும் குறைவு. ஒதுக்கிய தொகையில் பாதி மிச்சமாகும் என்று ஆசிரியரின் மனம் துள்ளியது. எனினும், நூலை வாங்குமுன் நாலு பக்கம் புரட்டிப் பார்க்கும் பழக்கம் அவரைக் காத்தது. நாளைக்கு வருவதாகச் சொல்லித் திரும்பினார்.

மறுநாள் அவர் தனியே செல்லவில்லை. தளவாடத் தொழிற்சாலை ஒன்றில் பல ஆண்டுகள் வேலை செய்துவரும் பழைய மாணவர் ஒருவரை உடன் அழைத்துச் சென்றார். வகுப்பில் இலக்கணத்துக்குப் பயந்து கடைசி வரிசையில் ஒளிந்தவர் அவர். இப்போது அவர் ஆசிரியர், இவர் மாணவர்.

“ஐயா, வாட்டை அப்புறம் பார்க்கலாம். அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் இந்த வேலியைப் பாருங்கள்” என்றார் அவர்.

அலகுக்கு இணையாக, மேசையின் குறுக்கே நகர்த்திப் பூட்டும் நீண்ட சட்டம் ஒன்று உண்டு. அதனை ஒட்டித்தான் பலகையைத் தள்ளுகின்றனர். ஆங்கிலத்தில் ‘ஃபென்ஸ்’ என்பதால் தொழிற்சாலைத் தமிழர்கள் வேலி என்றே சொல்லிவிடுகின்றனர், பொருத்தமான சொல்தான். மாணவர் அந்த மலிவான ரம்பத்தின் வேலியைப் பூட்டிவிட்டு, மறுமுனையைக் கட்டைவிரலால் தள்ளினார். பூட்டிய வேலி அசைந்தது. முன்புறத்தில் மட்டுமே அது பூட்டப்படுகிறது. பின்முனை தன் விருப்பம்போல் ஆடுகிறது. அளவு நாடாவை எடுத்து, அலகின் ஒரு பல் முன்னே இருக்கும்போது வேலிக்குள்ள தொலைவை அளந்தார். அதே பல்லைப் பின்னே சுழற்றி மறுபடியும் அளந்தார். பின்னே இரண்டு மில்லிமீட்டர் குறைந்தது.

இரண்டு மில்லிமீட்டர் என்பது வெண்டைக்காய் நறுக்கும்போது பொருட்டில்லை. இங்கே உயிர்நிலை அதுதான். சுழலும் அலகின் முன்பகுதிப் பற்கள் மேலிருந்து கீழே இறங்கிப் பலகையை மேசையோடு அழுத்துகின்றன. பின்பகுதிப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. பின்முனை நெருங்கிய வேலி, தன்னை நம்பி வந்த பலகையை அந்த எழும் பற்களின்மேல் நெரிக்கிறது. பற்கள் பலகையைக் கவ்வித் தூக்கி, தள்ளுபவரின் மார்பை நோக்கியே வீசுகின்றன. வேலியே பயிரை மேய்ந்தது என்று அன்றுவரை அரசியலுக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லி வந்த பழமொழிக்கு, ஓர் இரும்புக் கடையில் புதிய உரை கிடைத்தது.

ஆசிரியர் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தார். 254 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள அலகு நிமிடத்துக்கு 4,800 சுற்றுச் சுழன்றால், அதன் பல் நொடிக்கு ஏறத்தாழ 64 மீட்டர் செல்கிறது. மணிக்கு 230 கிலோமீட்டர்! நெடுஞ்சாலையில் எந்தக் காரும் செல்ல அனுமதியில்லாத வேகம், அவருடைய சமையலறைக் கதவிலிருந்து ஆறடித் தொலைவில். மனிதன் கையை இழுத்துக்கொள்ள எடுத்துக்கொள்ளும் நேரத்தில் நூற்றுக்கணக்கான பற்கள் கடந்துவிடும். பலகை எறியப்படும்போது அதைப் பிடித்திருந்த கை எந்தப் பக்கம் இழுபடும் என்பதை எவராலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. விரல் போகும் வழிகளுள் இது முதன்மையானது.

வேலி நேராக இருந்துவிட்டால் மட்டும் போதுமா? போதாது என்றார் மாணவர். மரத்துக்குள்ளேயே இறுக்கம் உண்டு. காற்றையும் சரிவையும் எதிர்த்து நின்ற மரம், அந்த எதிர்ப்பைத் தன் நாரில் சேர்த்து வைத்திருக்கிறது. ரப்பர் மரத்தில் இத்தகைய இறுக்க நார் சற்று மிகுதி. அறுக்க அறுக்க அது விடுபட்டு, பிளவு விரியலாம். அல்லது மூடிக்கொண்டு அலகின் பின்பக்கத்தைக் கவ்வலாம். மூடிக்கொண்டால் முன்னே சொன்ன கதைதான்.

“அதற்குத்தான் ஐயா, அலகுக்குப் பின்னால் இந்தத் தகடு. பிளவை மூடவிடாது. பழைய தச்சர்கள் பெரிய மரத்தை அறுக்கும்போது பிளவில் ஆப்புச் செருகிக்கொண்டே போவார்களே, அதேதான்.”

ஆசிரியர் சிறிது நேரம் பேசவில்லை. அலகின் முதுகை ஒட்டிப் பிறைபோல் வளைந்து நிற்கும் அந்த மெல்லிய எஃகுத் தகட்டை விரலால் தடவினார். எங்கள் ஆலையில் ஆப்பைப் பிடுங்கிப் போட்டவர்கள் எல்லாம் தெரிந்தவர்கள். வேலை வேகமாக நடக்க வேண்டும் என்று, இடைஞ்சலாக இருந்த அத்தகட்டைக் கழற்றி ஒரு மூலையில் எறிந்திருக்கின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் பொருள் தெரியாமல் கிடந்த ஒரு வாக்கியம் அப்போது தன்னைத் தானே விளக்கிக்கொண்டது.

ஆப்பு என்று பெயரிட்டுக்கொண்டவை எல்லாம் ஒரே வகையல்ல என்பதையும் அவர் அறிந்துகொண்டார். மலிவான ரம்பங்களிலும் பழைய ரம்பங்களிலும், தகடு ஓரிடத்தில் அசையாமல் நிற்கும். அலகை மறைக்கும் கூடும் அதன்மேலேயே பொருத்தப்பட்டிருக்கும். பலகையை முழுதும் ஊடறுக்காமல் பள்ளம் மட்டும் எடுக்க வேண்டுமானால், இவை இரண்டையும் கழற்றியாக வேண்டும். கழற்றியதைத் திரும்பப் பொருத்த மனிதச் சோம்பல் இடம் கொடுப்பதில்லை. நல்ல ரம்பத்தில் தகடு அலகோடு சேர்ந்து உயரும், தாழும், சாயும். அலகின் உச்சியைவிடச் சற்றுத் தாழ்ந்தே நிற்கும். பள்ளம் எடுக்கும்போதும் அதனைக் கழற்ற வேண்டியதில்லை. கழற்றாத ஆப்பே ஆப்பு. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் நெடுநாளாக வழக்கத்திலிருந்த இத்தகடு, அமெரிக்கச் சந்தைக்கான சிறு ரம்பங்களில் 2000க்குப் பின்னரே பரவலாக இடம்பெற்றது. எனவே பழைய பொருள் வாங்குவோர் இதனை முதலில் பார்த்தல் நலம். தகட்டின் கனமும் கணக்குக்குரியது: அலகின் உடலைவிடத் தடித்தும், அறுக்கும் பிளவைவிட மெலிந்தும் இருக்க வேண்டும். 1.8 மில்லிமீட்டர் உடலும் 2.6 மில்லிமீட்டர் பிளவும் உள்ள அலகுக்கு 2.2 மில்லிமீட்டர்த் தகடு பொருந்தும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வேறு அலகை வாங்கி மாட்டினால் இந்தக் கணக்கு கெட்டுவிடும். அலகின் நடுத்துளையும் 15.88, 25.4, 30 மில்லிமீட்டர் என்று இயந்திரத்துக்கு இயந்திரம் வேறுபடும்.

இதற்கிடையில் சிங்கப்பூரில் பணிபுரியும் மகன் தொலைபேசியில் அழைத்தார். விரல் பட்டவுடனே நின்றுவிடும் ரம்பம் ஒன்று உண்டு என்றும், அதையே வாங்க வேண்டும் என்றும் வற்புறுத்தினார். உண்மைதான். ஸ்டீவ் காஸ் என்ற அமெரிக்கர், இயற்பியல் பயின்ற காப்புரிமை வழக்கறிஞர், 1999இல் அதற்கான வழியைக் கண்டார். ‘சாஸ்டாப்’ என்ற பெயரில் 2004 முதல் அவை விற்பனைக்கு வந்தன. அலகில் மெல்லிய மின்குறிப்பு ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. மரம் அதனை மாற்றுவதில்லை. மனித உடல் மாற்றிவிடுகிறது. மாறிய கணமே அலுமினியக் கட்டை ஒன்று பாய்ந்து அலகைக் கவ்விக்கொள்கிறது. நொடியின் இருநூற்றில் ஒரு பங்கு நேரம் போதும். விரலில் சிறு கீறலோடு போகும். அலகும் கட்டையும் வீணாகும். அவற்றைப் புதிதாக வாங்கிக்கொள்ளலாம், விரலை வாங்க முடியாதல்லவா? 1966இல் அப்படி ஒன்று இருந்திருந்தால் என்று ஆசிரியர் எண்ணிப் பார்க்காமல் இல்லை. ஆயினும் அதன் விலை அவருடைய ஓய்வூதியத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. ஈர மரம்கூடச் சில வேளை அதனை ஏமாற்றி நிறுத்திவிடுமாம். இந்நாட்டு மழையில் ஈரமில்லாத மரத்துக்கு எங்கே போவது? மகனுக்கு வருத்தம். தாமே பணம் அனுப்புவதாகச் சொன்னார். தந்தையார் ஏற்கவில்லை. பிள்ளையின் வீட்டுக்கடனில் தமக்கு ரம்பம் வேண்டாம் என்றார். இந்தப் பிடிவாதம் சரியா என்று கேட்டால் விடை சொல்வது கடினம்.

அதன்பின் தேர்வு எளிதாயிற்று. எதை விட்டுக்கொடுப்பது, எதை விட்டுக்கொடுக்கலாகாது என்பது தெளிந்துவிட்டால் மலிவான பொருளை அஞ்சாமல் தேடலாம். அவர் விட்டுக்கொடுத்தது அலகின் பருமனை. பத்து அங்குல அலகு ஏறத்தாழ 80 மில்லிமீட்டர் ஆழம் அறுக்கும். 210 மில்லிமீட்டர் அலகு 65 வரை அறுக்கும். அவருடைய பலகைகளோ 18 மில்லிமீட்டர், மிகுந்தால் 25. வீடு கட்டப் போகிறவர்க்கு வேண்டிய ஆழம், நூலடுக்குச் செய்பவர்க்கு எதற்கு? மோட்டாரின் பெருமையையும் விட்டுக்கொடுத்தார். இத்தகைய சிறு ரம்பங்கள் யாவற்றிலும் இரைச்சல் மிகுந்த, எடை குறைந்த ஒரே வகை மோட்டார்தான். இங்குள்ள சுவர்ச் செருகியில் 1,500 அல்லது 1,800 வாட் தாராளமாக ஓடும். அமெரிக்கர்கள் யூடியூபில் மெச்சிப் பேசும் வகைகளை அவர் நாடவில்லை. அவை 120 வோல்ட் மின்சாரத்துக்கானவை. இந்நாட்டு மின்சாரம் அதைப்போல் இரு மடங்கு. கால்களோடு கூடிய தாங்கியையும் விட்டுக்கொடுத்தார். தச்சு வேலை கற்பவர் ஒரு தாங்கி செய்துகொள்ள மாட்டாரா?

விட்டுக்கொடாதவை மூன்று: முன்னும் பின்னும் பல்சக்கரத் தண்டில் ஓடி இரு முனையிலும் அசையாமல் நிற்கும் வேலி, அலகோடு எழுந்து தாழும் ஆப்பு, இடுப்பாலோ முழங்காலாலோ தட்டி நிறுத்தக்கூடிய பெரிய நிறுத்துவிசை. மக்கிட்டா, பாஷ், டிவால்ட் போன்ற பெயர்பெற்ற நிறுவனங்களின் சிறு ரம்பங்களைப் பட்டர்வொர்த் வரை சென்று பார்த்தார். பெயரை நம்பி வாங்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் அளவு நாடாவை எடுத்தார். வேலியைப் பூட்டித் தள்ளினார். கைப்பிடியைச் சுழற்றி அலகை உயர்த்தித் தாழ்த்தினார். ஒரு கடையில் விற்பனையாளர் பொறுமை இழந்து, “வாங்குகிறீர்களா, தேர்வு வைக்கிறீர்களா?” என்று கேட்டுவிட்டார். தேர்வுதான் என்று பதில் வந்தது. கடைசியில் 210 மில்லிமீட்டர் அலகும் 22 கிலோ எடையும் உடைய ஒன்று தேறியது. விலை ஒதுக்கிய தொகையைச் சற்றுத் தாண்டிற்று. அந்த மாதம் மூக்குக் கண்ணாடி மாற்றுவது தள்ளிப்போடப்பட்டது. ரம்பத்தின் முன் நிற்பவர் தள்ளிப்போடத்தக்க செலவா அது என்று துணைவியார் கேட்டது முற்றிலும் நியாயம். அடுத்த மாதம் கண்ணாடியும் வந்தது. அதுவரை பெட்டியைத் திறக்கவே துணைவியார் விடவில்லை.

அந்த ஒரு மாதமும் வீணாகவில்லை. பழைய கெம்பாஸ் விட்டங்களைக் கொண்டு தாங்கி செய்தார். அலகின் அருகே கை போகாதபடி பலகையைத் தள்ளும் தள்ளுகோல்கள் இரண்டை ஒட்டுப்பலகையில் வெட்டிக்கொண்டார். அண்டை வீட்டுப் பெண் மருத்துவமனையில் இரவுப் பணி பார்ப்பவர், பகலில் உறங்குபவர். அவரிடம் சென்று எந்தெந்த நாள் ஓய்வு என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். இந்த இயந்திரத்தின் இரைச்சலுக்குக் காதடைப்பான் இல்லாமல் நிற்க முடியாது; சுவருக்கு அப்பால் இருப்பவர்க்குக் காதடைப்பான் கொடுக்கவும் முடியாது. நான்கடிக்கு எட்டடி ஒட்டுப்பலகையை இச்சிறு மேசையில் தனியாளாய்த் தள்ளுவது ஆபத்து என்பதால், முதுகுப் பலகைகளைக் கடையிலேயே வெட்டி வாங்கினார்.

குறித்த நாளன்று காலை ரம்பத்தை வெளியே எடுத்து வைத்தார். செருகியைப் பொருத்தாமலே வேலியை ஒருமுறை அளந்தார். மாணவரும் வந்திருந்தார். மோதிரத்தையும் கைக்கடிகாரத்தையும் கழற்றி வைக்கச் சொன்னார். கையுறை அணியக் கூடாது, அலகு அதைப் பற்றி இழுத்துக்கொள்ளும் என்றார். நேர்பின்னால் நிற்காமல் சற்று இடப்பக்கம் விலகி நிற்கச் சொன்னார். ஆசிரியர் கீழ்ப்படிந்தார். விசையைத் தட்டியதும் தகரக் கூரை அதிர்ந்தது. ரப்பர்ப் பலகை வேலியை ஒட்டி நகர்ந்தது. வெளிர்மஞ்சள் தூள் பறந்தது. அதில் பழைய பால் மணம் ஏதும் இல்லை, மருந்து மணம் மெல்ல வீசியது.

பாதி நீளம் கடந்தபோது ஒன்று நேர்ந்தது. அறுபட்ட இரு பகுதிகளும் மெல்ல ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்தன. பிளவு குறுகிற்று. மோட்டாரின் ஓசை ஒரு கணம் கனத்தது. பலகையின் இரு கன்னங்களும் எஃகுத் தகட்டை இறுகப் பற்றிக்கொண்டு, அதற்குமேல் நெருங்க இயலாமல் நின்றன. தள்ளுகோலால் தொடர்ந்து தள்ள, பலகை தகட்டை உரசிக்கொண்டே கடந்து மறுபுறம் இறங்கியது.

ஆசிரியர் முழங்காலால் விசையைத் தட்டி நிறுத்தினார். அலகு சுழன்று ஓயும்வரை அசையவில்லை. பின்னர்க் குனிந்து தகட்டைப் பார்த்தார். அதன் இருபுறத்திலும், மரம் அழுந்தி உரசிய இடத்தில், மங்கிய கோடு ஒன்று படிந்திருந்தது. தம் இடக்கையை எதற்கோ ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“நேராக வந்திருக்கிறதா ஐயா?” என்று மாணவர் விளிம்பில் அளவுக்கோலை வைத்துப் பார்த்தார்.

சமையலறைக் கதவருகே இவ்வளவு நேரமும் துணைவியார் நின்றிருந்தார் என்பது அப்போதுதான் தெரிந்தது. இரண்டு குவளை தேநீரை வைத்துவிட்டு, கணவர் அதை எடுக்கும்வரை அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொடியில் காய்ந்த துணிகளைத் தட்டிப் பார்த்தார்.

“எல்லாம் மரத்தூள். மிச்சம் முப்பத்தொன்பது பலகையையும் துணி காயாத நாளாகப் பார்த்து அறுங்கள்” என்றார்.